எல்க் வேட்டைக்கு எந்தத் தோட்டா? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேட்டைக்குப் போகலாம் என்று முடிவெடுத்த புதியவர் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "எந்தத் தோட்டா வாங்கட்டும்?" என்பதுதான். கடைக்காரர் ஒன்று சொல்வார், அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் வேட்டைக்காரர் வேறொன்று சொல்வார், யூடியூபைத் திறந்தால் பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்லிக் குழப்பிவிட்டு, கடைசியில் "எதற்கும் பெரிசாகவே இருக்கட்டும்" என்று ஒரு மேக்னம் (வெடிமருந்து கூடுதலாக உள்ள, சக்தி கூடிய தோட்டா) துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவோம். அந்த முடிவு வேண்டாம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஒரு எல்க் (வட அமெரிக்காவின் பெரிய மான் இனம்) துடிக்காமல் சீக்கிரம் விழுவதும், காயத்தோடு காட்டுக்குள் ஓடி எங்கேயோ செத்துக் கிடப்பதும் தோட்டாவின் சக்தியை வைத்து நடப்பது குறைவு. குண்டு எங்கே படுகிறது, பட்டதும் உள்ளே என்ன செய்கிறது, இந்த இரண்டையும் வைத்தே பெரும்பாலும் நடக்கிறது. பெரிய தோட்டா முதல் விஷயத்தைக் கெடுத்துவிடக்கூடியது.

நான் எழுதுவது கொலராடோவை வைத்து. அமெரிக்காவிலேயே எல்க் அதிகம் இருக்கும் மாநிலம் அது. அங்கே மியூல் மான், பிராங்ஹார்ன் (மான் போன்ற புல்வெளி விலங்கு), கரடி, மூஸ் (மான் குடும்பத்திலேயே பெரியது) எல்லாம் உண்டு. வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் சட்ட விவரங்களை மட்டும் தங்கள் ஊருக்கு மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் பொது. இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு: 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இன்றைக்கு அங்கே பொழுதுபோக்கு வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. அங்கே இதை யாரும் முயற்சி செய்து பார்க்கக் கூடாது.

தொடங்கும் முன்னால்

இரண்டு வேலைகளைத் துப்பாக்கிக் கடைக்குப் போகும் முன்பே முடித்துவிட வேண்டும்.

ஒன்று, விசா. இதை நம் ஆட்களில் நிறையப் பேர் யோசிப்பதே இல்லை. அமெரிக்க மத்திய சட்டப்படி ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருப்பதே பொதுவாகத் தடை. அதற்கு இருக்கும் விலக்குகளில் ஒன்று, ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடை கிடையாது. தற்காலிக விசாக்காரர்கள் உரிமம் எடுத்த பிறகும் ஒரு வக்கீலிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். இதில் ஒரு சின்னப் பிசகு உங்கள் குடியேற்ற வழக்கையே கவிழ்த்துவிடும், அதற்கு எந்த எல்க்கும் ஈடாகாது.

இரண்டு, வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு. கொலராடோவில் 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் அந்தச் சான்றிதழ் இல்லாமல் உரிமம் வாங்க முடியாது, அதாவது இதைப் படிக்கும் கிட்டத்தட்ட எல்லாரும். வகுப்பைச் சடங்காக முடிக்காதீர்கள். துப்பாக்கியைக் கையாளும் பழக்கம் அங்கேதான் உடம்பில் ஏறும்.

அப்புறம், சொற்கள். நம் பேச்சில் தோட்டா, குண்டு எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். இந்தக் கட்டுரையில் தோட்டா என்றால் முழுசும்: பித்தளைக் கூடு, அடியில் பிரைமர், உள்ளே வெடிமருந்து, முனையில் குண்டு. குண்டு என்றால் குழலைவிட்டுப் பறந்துபோகும் அந்த முனை மட்டும். குண்டின் எடையைக் கிரெயின் கணக்கில் சொல்வார்கள், ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின். 180 கிரெயின் குண்டு என்றால் கிட்டத்தட்ட 11.7 கிராம்.

முதலில் விலங்கையும் இடத்தையும் முடிவு செய்யுங்கள்

தோட்டாவிலிருந்து தொடங்காதீர்கள். எதைச் சுடப்போகிறீர்கள், எவ்வளவு தூரத்தில், இந்த இரண்டிலிருந்து தொடங்குங்கள். பிராங்ஹார்ன் 100 பவுண்டு சுமாருக்கு இருக்கும், திறந்த புல்வெளியில் நிற்கும், தூரம் கூடுதல். மியூல் மான் கிடா 150 முதல் 250 பவுண்டு வரை. எல்க் வேறு ரகம். பெட்டை 500 பவுண்டு, வளர்ந்த ஆண் 700 பவுண்டு, அதாவது 300 கிலோவுக்கு மேல். தோள் எலும்பு தடிமன், விலா தடிமன், அக்டோபர் குளிரில் ரோமமும் தடிமன். குண்டு அதையெல்லாம் தாண்டி இரண்டு நுரையீரலையும் கிழித்தாக வேண்டும்.

எல்க்கின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த பகுதி பக்கவாட்டில் பார்த்தால் சுமார் 15 அங்குல அகலம், மானுக்கு 10 அங்குலத்தை ஒட்டி. இந்த அளவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே திரும்பத் திரும்பத் தேவைப்படும்.

இடம் என்றால் நீங்கள் போகப்போகும் அந்தக் குறிப்பிட்ட மலைச்சரிவு. 9,000 அடி உயரத்தில் ஆஸ்பென் மரங்களும் அடர்ந்த ஸ்புரூஸ் காடும் உள்ள இடத்தில் 60 கஜத்துக்கு அப்பால் எதுவும் கண்ணில் படாது. அங்கே நீண்ட தூரத் தோட்டா வாங்கி ஒரு பிரயோஜனமும் இல்லை. இடுப்பு உயரத்துக்குப் புதர் வளர்ந்த திறந்த மேட்டுநிலம் என்றால் எல்க் 300 கஜத்தில் நிற்கும். உங்கள் உரிமம் எந்த யூனிட்டுக்கு (வேட்டைப் பகுதிக்கு) என்று தெரிந்தால் வரைபடத்தைப் பார்த்தே பாதியைச் சொல்லிவிடலாம்.

சட்டப் புத்தகத்தில் உள்ள குறைந்தபட்சம்

கொலராடோ பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறை வருஷாவருஷம் வெளியிடும் பெருவிலங்கு வேட்டைக் கையேட்டில் இது தெளிவாக இருக்கிறது. ரைஃபிள் குறைந்தது .24 காலிபர் (அங்குலக் கணக்கில் குழலின் உள்விட்டம்), அதாவது 6 மில்லிமீட்டர். குண்டு பட்டதும் விரியும் வகையாக இருக்க வேண்டும். மான், பிராங்ஹார்ன், கரடிக்குக் குறைந்தது 70 கிரெயின், எல்க், மூஸுக்குக் குறைந்தது 85 கிரெயின். 100 கஜத்தில் 1,000 அடி-பவுண்ட் ஆற்றல், தயாரிப்பாளர் சொல்லும் கணக்குப்படி. செமி ஆட்டோமேட்டிக் என்றால் மேகசீன், சேம்பர் (சுடும் தோட்டா உட்காரும் குழலின் பின்பகுதி) இரண்டிலும் சேர்த்து ஆறு தோட்டாவுக்கு மேல் கூடாது.

"வீட்டில் ஏஆர்-15 இருக்கிறது, .223 தோட்டா, அது போதுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. .22 காலிபர் என்பதால் கொலராடோவில் அது பெருவிலங்குக்குச் சட்டவிரோதம், பேச்சு அங்கேயே முடிந்தது. அதேபோல ரேஞ்சில் (சுடும் பயிற்சிக்களத்தில்) சுட வாங்கும் முழு உலோக உறை போட்ட மலிவுக் குண்டுகள். அவை விரியாது, ஊசி மாதிரித் துளைத்து வெளியே போய்விடும், சட்டமும் அனுமதிக்காது.

இந்தக் குறைந்தபட்சத்தைச் சட்டத்தின் எல்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், சிபாரிசு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். .243 வின்செஸ்டரில் 100 கிரெயின் குண்டு போட்டு எல்க் சுடுவது சட்டப்படி சரி. பழகிய கை அதைச் சுத்தமாகச் செய்துவிடும். புதியவருக்கு நான் சொல்ல மாட்டேன், ஏனென்றால் விலங்கு கொஞ்சம் கோணலாக நின்றாலும் அந்தச் சின்னக் குண்டுக்கு மிச்சம் மீதி என்று எதுவும் இருக்காது.

உங்கள் தோள் என்ன சொல்கிறது

இதுதான் என்னைப் பொறுத்தவரை முக்கியமான படி, ஆனால் கடையில் யாரும் இதைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

ஒவ்வொரு தோட்டாவும் தோளில் உதைக்கும். எட்டு பவுண்டு ரைஃபிளில் .30-06 சுமார் 20 அடி-பவுண்ட் உதைக்கும். 6.5 கிரீட்மூரும் 7 எம்எம்-08ம் 12, 13 அளவில் நிற்கும். .308 அதற்கும் .30-06க்கும் நடுவில். .300 வின்செஸ்டர் மேக்னம் 25ஐத் தாண்டிவிடும். காகிதத்தில் பார்த்தால் சின்ன வித்தியாசம்தான். பெஞ்சில் உட்கார்ந்து இருபது தோட்டா சுட்டுப் பார்த்தால் தெரியும், ஒன்று மதியம் முழுக்கச் சுடலாம் போலிருக்கும், இன்னொன்றில் ஐந்தாவது தோட்டாவிலேயே உடம்பு அதை எதிர்பார்த்து இறுக ஆரம்பித்துவிடும்.

அந்த இறுக்கம்தான் பிரச்சினை. அது உங்களுக்கே தெரியாமல் நடக்கும். கண்டுபிடிக்க ஒரு எளிய வழி: ஸ்னாப் கேப் எனப்படும் போலித் தோட்டா இரண்டு மூன்று வாங்குங்கள். நண்பர் ஒருவர் நீங்கள் பார்க்காதபோது நிஜத் தோட்டாவையும் போலியையும் மாற்றி மாற்றிப் போட்டுத் துப்பாக்கியைக் கையில் கொடுக்கட்டும். ஒவ்வொரு முறையும் நிஜத் தோட்டா என்றே நினைத்துக் குழலை இலக்குப் பக்கமே வைத்திருங்கள். போலித் தோட்டா வரும்போது விசையை அழுத்தினால் வெறும் 'டிக்' சத்தம்தான் கேட்க வேண்டும், ஸ்கோப்பின் குறுக்குக்கோடு இலக்கிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். பதிலாகக் குழல் ஒரு அங்குலம் கீழே குத்தி, தோள் முன்னால் போய், கண் இமை மூடித் திறந்தால், நீங்கள் உதைக்குப் பயந்து இழுக்கிறீர்கள். பெஞ்சில் அந்த ஒரு அங்குலக் குத்தல் 200 கஜத்தில் வயிற்றில் விழும் குண்டு. வயிற்றில் குண்டு வாங்கிய எல்க் மணிக்கணக்கில் உயிரோடு நடக்கும். இந்தக் கொடுமையை ஒரு விலங்குக்குக் கொடுக்க நமக்கு உரிமை இல்லை. அதனால்தான் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன்.

வாங்கும் முன் இரண்டு மூன்று தோட்டாக்களைச் சுட்டுப் பாருங்கள். பெரிய ரேஞ்சுகள் சிலவற்றில் துப்பாக்கி வாடகைக்குக் கிடைக்கும், இல்லையென்றால் தெரிந்த வேட்டைக்காரர் யாரையாவது கேளுங்கள், புதியவருக்குத் தன் துப்பாக்கியைக் காட்ட அவர்களுக்கு அலாதிப் பிரியம். துப்பாக்கியின் எடையையும் கவனியுங்கள். மலை ஏற லேசாக இருக்கட்டும் என்று ஆறு பவுண்டு ரைஃபிளில் மேக்னம் வாங்கினால் உதை இன்னும் கூடும். குழல் முனையில் பிரேக் மாட்டினால் உதை குறையும், ஆனால் சத்தம் காதைப் பிளக்கும், பக்கத்தில் நிற்பவர் காதையும் சேர்த்து. பிரேக் இருந்தாலும் இல்லாவிட்டாலும் காதுக்கவசம் இல்லாமல் ஒரு தோட்டாகூடச் சுடாதீர்கள்.

சரி, பட்டியலுக்கு வருவோம்

சந்தையில் நூற்றுக்கு மேல் தோட்டா வகை உண்டு. உங்களுக்கு அதில் ஆறு ஏழுதான் தேவை, மற்றதெல்லாம் இந்த ஆறு ஏழின் அண்ணன் தம்பிகள்.

.30-06 ஸ்பிரிங்ஃபீல்ட், 1906இல் அமெரிக்க ராணுவம் எடுத்துக்கொண்டது, இன்றைக்கும் எந்தச் சின்ன ஊர் ஹார்டுவேர் கடையிலும் ஒரு பெட்டியாவது இருக்கும். 180 கிரெயின் குண்டு நொடிக்குச் சுமார் 2,700 அடி வேகத்தில் கிளம்பும். மானிலிருந்து மூஸ் வரை ஒரே துப்பாக்கி போதும் என்பவர்களுக்கு இதைவிடச் சிறந்த ஒன்றை நான் சொல்ல மாட்டேன், உதையைத் தாங்க முடிந்தால்.

.308 வின்செஸ்டர் 1952இல் வந்தது. .30-06 செய்வதில் பெரும்பகுதியைக் குட்டையான கூட்டிலேயே செய்துவிடும். துப்பாக்கியின் ஆக்‌ஷன் (தோட்டாவை ஏற்றி இறக்கும் பொறி) சின்னது, எடை கொஞ்சம் குறைவு, உதையும் குறைவு. 150 அல்லது 165 கிரெயின் நல்ல குண்டு போட்டால் 300 கஜத்துக்குள் எந்த எல்க்குக்கும் போதும். இதே கூட்டின் கழுத்தைச் சுருக்கி உண்டானவைதான் 1955இல் வந்த .243ம், 1980இல் ரெமிங்டன் கொண்டுவந்த 7 எம்எம்-08ம். இந்த 7 எம்எம்-08ஐ நான் எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். 140 கிரெயின் குண்டு, மென்மையான உதை. சிறிய உடல்வாகு உள்ளவர்கள், முதல்முறை சுடும் பெண்கள், பதின்வயதுப் பிள்ளைகள் என யார் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்வேன். ஒரே குறை, கடையில் .308 அளவுக்கு வகைவகையாகக் கிடைக்காது.

6.5 கிரீட்மூர் 2007இல் ஹார்னடி நிறுவனம் இலக்குப் போட்டிக்காக உருவாக்கியது, பிறகு வேட்டைக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். இதைப் பற்றி இரண்டு கட்சி உண்டு, ஒரு கட்சிக்கு இது தெய்வம், மறு கட்சிக்கு இது மானுக்கு மட்டும். உண்மை எண்ணில் இருக்கிறது. ஹார்னடியின் 143 கிரெயின் குண்டு 2,700 அடி வேகத்தில் கிளம்பும்போது சுமார் 2,300 அடி-பவுண்ட், 300 கஜத்தில் 1,650, 400 கஜத்தில் 1,470ஐ ஒட்டி. எல்க்குக்கு 1,500 வேண்டும் என்று ஒரு பழைய பேச்சு உண்டு. அதை வேதவாக்காக எடுக்க வேண்டாம், ஆனாலும் ஒரு திசை காட்டும். அதாவது இந்தத் தோட்டா எல்க்குக்கு 300 கஜம் வரை தாராளம், அதற்கு மேல் புதியவர் யாரும் எந்தத் தோட்டாவாலும் சுட வேண்டியதில்லை. ஒல்லியான நீளமான குண்டு ஆழமாகப் போகும். 6.5இல் 140 கிரெயின் குண்டின் குறுக்குவெட்டு அடர்த்தி (தடிமனுக்கு எவ்வளவு எடை என்ற கணக்கு, கூடினால் ஆழம் கூடும்) .287, .308இல் 150 கிரெயினுக்கு .226தான். சின்னக் காலிபர் என்பதால் ஆழம் குறையும் என்று பயப்பட வேண்டாம்.

.270 வின்செஸ்டர் 1925இலிருந்து இருக்கிறது. 130 கிரெயின், நொடிக்கு 3,060 அடி, பாதை தட்டையானது. மியூல் மானுக்கும் பிராங்ஹார்னுக்கும் அருமை, எல்க்குக்கு உறுதியான குண்டு போட்டால் போதும்.

7 எம்எம் ரெமிங்டன் மேக்னம் 1962, .300 வின்செஸ்டர் மேக்னம் 1963. இரண்டும் மோசமான தோட்டாக்கள் கிடையாது. திறந்த நிலத்தில் தொடர்ந்து பழகியவர்கள் கையில் அற்புதமாக வேலை செய்யும். ஆனால் தோட்டா விலை கூடுதல், மேகசீனில் பெரும்பாலும் மூன்றுதான் போகும், உதை கூடுதல், அதனால் பயிற்சி குறையும். பயிற்சி குறைந்தால் மேக்னத்துக்குக் கொடுத்த காசு வீண். முதல் துப்பாக்கியாக வாங்காதீர்கள்.

.338 வின்செஸ்டர் மேக்னம், .375 ஹெச் அண்ட் ஹெச் எல்லாம் அலாஸ்காவின் பழுப்புக் கரடிக்கும் ஆப்பிரிக்க எருமைக்கும் போகிறவர்களுக்கு. இங்கே தேவையில்லை.

தோட்டாவைவிடக் குண்டு

கடையில் ஒரே .30-06 பெயரில் பத்து விதப் பெட்டி அடுக்கியிருக்கும். புதியவர் விலையைப் பார்த்து ஒன்றை எடுப்பார். அங்கேதான் நிதானிக்க வேண்டும், ஏனென்றால் .308ஆ .30-06ஆ என்ற வித்தியாசத்தைவிட இந்தப் பெட்டிகளுக்குள் இருக்கும் வித்தியாசம் பெரிது.

வேட்டைக் குண்டு விலங்கின் மேல் பட்டதும் காளான் மாதிரி விரிந்து, விட்டம் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகி, அப்படியே உள்ளே போக வேண்டும். அதிகம் விரிந்து சீக்கிரம் சிதறினால் தோள் எலும்பிலேயே நின்றுவிடும். விரியாமலே போனால் சின்ன ஓட்டை, ரத்தத் தடம் இருக்காது, தேட முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பதற்குத்தான் எல்லா வடிவமைப்பும்.

சாதாரண ஈயமுனைக் குண்டு, ஈயத்தைச் சுற்றிச் செம்பு உறை. மலிவு, மானுக்கு நன்றாக வேலை செய்யும். எல்க்குக்கு மிதமான வேகத் தோட்டாவில், கனமான எடையில் போட்டால் சரி. மேக்னம் வேகத்தில் கிட்டத்தில் சுட்டால் சிதறிவிடக்கூடும்.

பிணைத்த குண்டு, அதாவது ஈயமும் உறையும் பிரியாதபடி ஒட்டவைத்தது. நாஸ்லர் அக்யூபாண்ட், ஃபெடரல் ஃபியூஷன் இந்த வகை. ஃபியூஷன் விலையும் அதிகமில்லை. புதிய எல்க் வேட்டைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம் என்றால் இதைத்தான் சொல்வேன். நாஸ்லர் பார்ட்டிஷன் இன்னொரு வகை, முன்பாதிக்கும் பின்பாதிக்கும் நடுவே ஒரு செம்புச் சுவர். முன்பாதி விரிந்து கரைந்தாலும் பின்பாதி முழுசாக உள்ளே போகும். ஒரு மூஸ் குண்டுகளை வாங்கிக்கொண்டும் விழாமல் நின்றதைப் பார்த்த ஜான் நாஸ்லர் 1940களின் கடைசியில் உருவாக்கியது, இன்னும் விற்கிறது.

முழுச் செம்புக் குண்டு, ஈயமே கிடையாது. பார்ன்ஸ் நிறுவனத்தின் டிடிஎஸ்எக்ஸ் பிரபலம். எடையை இழக்காமல் ஆழமாகப் போகும். இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைவு, அதே எடைக்குக் குண்டு நீளமாகிவிடும், அதனால் ஒரு படி குறைந்த எடையை எடுங்கள்: .30-06க்கு 180க்குப் பதில் 165 அல்லது 168, .308க்கு 150 அல்லது 130. அடுத்தது, இவை விரிய வேகம் வேண்டும். படும் இடத்தில் நொடிக்கு 2,000 அடியாவது இருப்பது நல்லது. அதனால் குறைந்த வேகத் தோட்டாவில் வெகுதூரம் சுடச் செம்பு ஏற்றதல்ல. கலிஃபோர்னியாவில் இருப்பவர்களுக்கு யோசனையே தேவையில்லை, 2019 ஜூலை 1 முதல் அங்கே எல்லா வேட்டைக்கும் ஈயம் இல்லாத குண்டுதான் சட்டம். காண்டோர் கழுகுகள் ஈயம் கலந்த குடலைத் தின்று செத்ததிலிருந்து வந்த சட்டம் அது.

வீட்டில் சின்னக் குழந்தைகள் அந்த இறைச்சியைச் சாப்பிடப் போகிறார்கள் என்றால் செம்பையே எடுங்கள் என்பேன். ஈயக் குண்டு உடைந்து கண்ணுக்குத் தெரியாத துகள்களாகக் காயத்தைச் சுற்றிப் பரவுவது எக்ஸ்ரேயில் பார்த்து உறுதியான விஷயம். ஈயக் குண்டில் சுட்டால் காயத்தைச் சுற்றியுள்ள இறைச்சியைத் தாராளமாக வெட்டி எறிந்துவிடுங்கள், குழம்புக்கு ஆசைப்பட வேண்டாம்.

வாங்கிய பிறகு

ஒரே பெட்டியில் நிற்காதீர்கள். இரண்டு மூன்று தயாரிப்புகளில் ஒவ்வொரு பெட்டி வாங்கி உங்கள் துப்பாக்கியில் சுட்டுப் பாருங்கள். ஒவ்வொரு குழலுக்கும் ஒரு பிடித்தம் உண்டு, அண்ணன் துப்பாக்கியில் ஒட்டி ஒட்டி விழும் அதே தோட்டா தம்பி துப்பாக்கியில் சிதறி விழும். 100 கஜத்தில் மூன்று குண்டு ஒன்றரை அங்குல வட்டத்துக்குள் விழுந்தால் வேட்டைக்குப் போதும். அரை அங்குலத்துக்காகக் காசைக் கரைக்க வேண்டாம். பிடித்தது எது என்று தெரிந்ததும் அதிலேயே நாலைந்து பெட்டி, முடிந்தால் ஒரே லாட் எண்ணில் (ஒரே தொகுதியில் தயாரானவை), வாங்கி வைத்துவிடுங்கள். ரைஃபிள் சீசன் அக்டோபரில் தொடங்கும். செப்டம்பர் கடைசியில் போனால் கடையில் நீங்கள் ஜீரோ செய்த, அதாவது குறிவைத்த இடத்திலேயே குண்டு விழும்படி ஸ்கோப்பைச் சரிசெய்து வைத்த, தோட்டா மட்டும் இருக்காது.

ஸ்கோப்பை 200 கஜத்துக்கு ஜீரோ செய்யுங்கள். மேலே சொன்ன தோட்டாக்களில் பெரும்பாலானவை அப்போது 100 கஜத்தில் ஒன்றரை, இரண்டு அங்குலம் மேலே விழும், 300இல் எட்டு ஒன்பது அங்குலம் கீழே, 400இல் 22, 25 அங்குலம் கீழே. எல்க்கின் 15 அங்குலத்தை நினைத்துப் பாருங்கள். 250 கஜம் வரை நடுவில் வைத்துச் சுட்டாலே போதும், எந்தக் கணக்கும் வேண்டாம். 400இல் தூரத்தை 30 கஜம் தப்பாக மதிப்பிட்டாலே சிக்கல். காற்று இன்னொரு பக்கம். மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்று 300 கஜத்தில் குண்டை ஐந்து முதல் ஏழு அங்குலம் தள்ளும், மலையில் 10 மைல் என்பது சாதாரணம். பெட்டியில் அச்சடித்திருக்கும் வேகம் பெரும்பாலும் 24 அங்குலக் குழலில் அளந்தது. உங்கள் குழல் 20 அங்குலம் என்றால் அங்குலத்துக்கு 20, 30 அடி வேகம் கழித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பெஞ்சைவிட்டு எழுந்து, காட்டில் எப்படிச் சுடுவீர்களோ அப்படிச் சுடுங்கள்: தரையில் உட்கார்ந்து, பைமேல் சாய்த்து, மூச்சு வாங்க ஓடிவந்து. ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு காகிதத்தை மாட்டி, எந்தத் தூரம் வரை அதில் எல்லாக் குண்டும் விழுகிறதோ அதுதான் உங்கள் எல்லை. நிறையப் பேருக்கு அது 200 கஜத்தில் நின்றுவிடும். நின்றால் நிற்கட்டும், பக்கத்தில் நடந்துபோய்ச் சுடலாம்.

ஒரு எச்சரிக்கை, விளையாட்டில்லை

துப்பாக்கிக் குழலில் பொறித்திருக்கும் தோட்டாப் பெயரும், தோட்டாவின் அடியில் பொறித்திருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். சேம்பருக்குள் போகிறது என்பதால் அது சரியான தோட்டா ஆகிவிடாது. .308 தோட்டா .30-06 சேம்பருக்குள் போகும். சுட்டால் கூடு வெடித்துச் சூடான வாயு முகத்தில் அடிக்கலாம். .300 பிளாக்அவுட் தோட்டா .223 துப்பாக்கிக்குள் சில சமயம் போய்விடும், விசையை அழுத்தினால் துப்பாக்கி சிதறிவிடும். 7 எம்எம் என்று பெயர் தொடங்கும் தோட்டாக்களே அரை டஜன் உண்டு, ஒன்றுக்கொன்று பொருந்தாது. ரேஞ்சில் மேஜைமேல் ஒரு நேரத்தில் ஒரு வகைத் தோட்டா மட்டும் இருக்கட்டும். பையில் உதிரித் தோட்டா போட்டு வைக்காதீர்கள், பெட்டியிலேயே வையுங்கள்.

களத்தில்

பக்கவாட்டில் நிற்கும் எல்க்குக்கு, முன்னங்காலின் பின்கோட்டிலேயே மேலே வந்து, உடம்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு. அங்கே இரண்டு நுரையீரலும் இருக்கும். நம்மைவிட்டு விலகிக் கோணலாக நின்றால் அந்தப்பக்கத்து முன்னங்கால் வழியாகக் குண்டு வெளியே வரும் என்று மனதில் கோடு போட்டு வையுங்கள். தலை, கழுத்து, பின்பக்கம், நேர் எதிரே நெஞ்சு, இதெல்லாம் வேண்டாம், காத்திருங்கள், திரும்பும். விலங்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதையும் பாருங்கள். மலை விளிம்பில் வானத்தைப் பின்னால் வைத்து நிற்கும் விலங்கைச் சுடவே கூடாது, குண்டு எங்கே போய் விழும் என்று யாருக்கும் தெரியாது.

சுட்டதும் ஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் அடுத்த தோட்டாவை ஏற்றுங்கள். நுரையீரலில் வாங்கிய எல்க் ஒன்றுமே நடக்காத மாதிரி சில நொடி நிற்கும். நின்றால் மறுபடி சுடுங்கள். விழும்வரை சுடுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஓடி மறைந்தால் கடைசியாகப் பார்த்த இடத்தை ஒரு மரத்தை வைத்து அடையாளம் பிடித்துக்கொண்டு அரை மணி உட்காருங்கள். இளஞ்சிவப்பாக நுரைத்த ரத்தம் என்றால் நுரையீரல், பக்கத்திலேயே கிடக்கும். கருத்த ரத்தத்தில் பச்சையாகப் புல் துணுக்கு கலந்திருந்தால் வயிறு. அவசரப்பட்டுத் துரத்தினால் இன்னும் தூரம் போகும், சில மணிநேரம் விட்டுப் பிறகு தேடுங்கள், ஆனால் தேடாமல் மட்டும் வராதீர்கள். கொலராடோவில் சாப்பிடக்கூடிய இறைச்சியை வீணாக்குவது சட்டப்படியும் குற்றம்.

எத்தனை தோட்டா எடுத்துப்போவது என்று கேட்பார்கள். முகாமில் இரண்டு பெட்டி, அதாவது நாற்பது, உடம்பில் பத்து. நாற்பது ஏன் என்றால், கரடுமுரடான பாதையில் வண்டி குலுங்கியோ துப்பாக்கி கீழே விழுந்தோ ஸ்கோப் நகர்ந்திருந்தால் மறுபடி ஜீரோ செய்ய வேண்டும். வேறு மாநிலத்திலிருந்து விமானத்தில் வருகிறவர்கள் துப்பாக்கியைப் பூட்டிய கெட்டிப் பெட்டியில் வைத்து, செக்-இன் கவுன்டரில் சொல்லிவிட்டு அனுப்ப வேண்டும். தோட்டாவும் அப்படித்தான், அதன் அட்டைப்பெட்டியிலேயே, பெரும்பாலான அமெரிக்க விமானங்களில் 11 பவுண்டு வரை. இறங்கியதும் முகாமுக்குப் போகும் முன்னால் ஒரு ரேஞ்சில் நிறுத்தி மூன்று தோட்டா சுட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள்.